சாய்ந்த கோபுரமும் மூன்று கைகளும்

பகடையைத் தூக்கி எறிந்துவிட்டு மாயாஜாலக் கதை விளையாட முடியுமா? நாகர்கோவிலில் ஒரு மாடி அறையில் மூன்று பேர் விளையாடினார்கள், கேளுங்கள். அஞ்சுகம், ரஸியா, தோபியாஸ். கல்லூரிக் காலத்துக் கூட்டாளிகள். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் பாத்திரங்களாகி ‘நான் இதைச் செய்கிறேன்’ என்பார்கள். பலித்ததா என்று பகடை சொல்லும். தோற்கிறவர் எல்லாம் பகடையையே திட்டியதால், பழியை வேறு எதன்மீதும் போட முடியாத ஆட்டம் ஒன்றைத் தேடி ஆளுக்கொரு விதி கொண்டுவந்தார்கள்.

ரஸியாவின் ஆட்டத்தில் புளியங்கொட்டையைக் கொடுத்தால் நினைத்தது பலிக்கும். கையில் கொட்டை இருக்கும்வரை ஒருவருக்கும் பயம் வரவில்லை. அஞ்சுகத்தின் ஆட்டத்தில், ஆடுபவர் சம்மதித்தால்தான் பாத்திரம் சாகும். அட, யார்தான் சம்மதிப்பார்கள்?

மூன்றாவது தோபியாஸின் கட்டைக் கோபுரம், சின்ன மரக்கட்டைகளை மேசைமேல் அடுக்கியது. ஆபத்தான காரியம் செய்ய, ஆடுபவர் கோபுரத்திலிருந்து ஒரு கட்டையை உருவி உச்சியில் வைக்க வேண்டும். கோபுரம் விழுந்தால் காரியமும் கெட்டது, பாத்திரமும் செத்தது. ஒரு கட்டையாவது மேசையைத் தொட்டால்தான் விழுந்ததாகக் கணக்கு. அதற்கு முன் ஆடுபவர் தானே கோபுரத்தைத் தள்ளிவிடலாம். பாத்திரம் சாகும், ஆனால் காரியம் பலிக்கும். ஆடுபவரைத் தவிர வேறு யாரும் கோபுரத்தைத் தொடக் கூடாது.

அஞ்சுகம் மூன்று வருடமாக ஞாயிறுதோறும் ஆடிவந்த பாத்திரம் வெண்ணி. பூதம் தூக்கிப்போன தம்பியைத் தேடி அலைந்தவள், கோபுரம் வைத்து ஆடிய அன்று எரியும் குகைக்குள் அவனைக் கண்டுவிட்டாள். அவனை வெளியே இழுக்க ஒரு கட்டை உருவ வேண்டும். அஞ்சுகத்தின் விரல் வியர்த்து வழுக்கியது. வெண்ணி இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கட்டை வந்தது. கோபுரம் கிடுகிடுத்துச் சாய்ந்தது.

கதை நடத்திய தோபியாஸ் மனசு பொறுக்காமல் சட்டென்று உள்ளங்கையால் தாங்கிவிட்டான். ஒரு கட்டைகூடக் கீழே விழவில்லை.

“பாத்தியா, நிக்குது! ரெண்டு பேரும் பொழைச்சாச்சு,” என்றான்.

“கையை எடு, தெரியும் நிக்குதா இல்லையான்னு. வெண்ணியும் போனா, தம்பியும் போனான்,” என்றாள் ரஸியா.

“எடுத்தா விழுந்துரும்டீ!”

அஞ்சுகம் நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு, அவன் கை அங்கேயே இருக்க, கோபுரத்தைத் தானே தள்ளிவிட்டாள். கட்டைகள் தரையெங்கும் சிதறின.

“வெண்ணி செத்துட்டா. தம்பி வெளிய வந்துட்டான்,” என்றாள்.

தாங்கியவன், கையை எடுக்கச் சொன்னவள், தள்ளியவள். இந்த மூவரில் யார் செய்தது சரி, சொல்லுங்கள் பார்ப்போம்?

விடை: அஞ்சுகம் செய்ததுதான் சரி. தொடக் கூடாதவன் தாங்கியதால், ‘நிக்குது’ என்ற தோபியாஸின் பேச்சு செல்லாது. கட்டை எதுவும் மேசையைத் தொடாததால், ‘போனா’ என்ற ரஸியாவின் பேச்சும் செல்லாது. தள்ளும் உரிமை மட்டும் அந்த நொடிவரை அஞ்சுகத்திடம் இருந்தது. அந்த நொடியை அவளுக்கு வாங்கிக் கொடுத்தது தோபியாஸின் தப்பான கைதான், அதையும் மறுக்க முடியாது. ஆனால் அவன் தயவில் வெண்ணியைப் பிழைக்க வைத்துக்கொள்ள அவள் சம்மதிக்கவில்லை. தேடிய ஆட்டம் கிடைத்துவிட்டதால், இனி எந்த ஆட்டம் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. ரஸியா கட்டைகளைப் பொறுக்க, அஞ்சுகம் வெண்ணியின் விவரங்களை எழுதிவைத்திருந்த தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.