தாண்டவராயர் வெண்டைக்குத் தாலாட்டுப் பாடிய கதை

முன்னொரு காலத்தில், இன்னும் பெயர் வைக்க நேரம் கிடைக்காத ஒரு நாட்டை மகுடேசுவர ராஜா என்பவர் ஆண்டுவந்தார். ஓர் ஆடி மாதம் அவருக்கு அரண்மனைச் சாம்பார் பிடிக்காமல் போயிற்று. சந்தைக் காய் சப்பென்று இருக்கிறதாம். உடனே தண்டோரா போட்டார்கள்.

“வீட்டுக்கு வீடு காய்கறித் தோட்டம் போட வேண்டியது! புரட்டாசிப் பௌர்ணமி விருந்தில் எவர் வீட்டுக் காய் மகாராஜாவின் இலையில் விழுகிறதோ, அவருக்கு மகாராஜாவின் வலப்பக்கத்தில் இலை!”

ஊரே பச்சையாகிவிட்டது. கூரையெல்லாம் பூசணி, வேலியெல்லாம் பாகல், கிணற்றடியெல்லாம் கத்தரி. தேர்ச் சக்கரத்தில் அவரைக் கொடி ஏறிவிட்டதால், காய் பறித்து முடிந்த பிறகுதான் அந்த வருஷத் தேரையே இழுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

களஞ்சிய அதிகாரி தாண்டவராயரின் வயிற்றில் மட்டும் அந்தத் தண்டோரா இடியாக இறங்கியது. பதினோரு வருஷமாக அந்த வலப்பக்க இலை அவருடையது. ராஜாவுக்கு விட்ட நெய்யின் கடைசிச் சொட்டு அவர் சோற்றில்தான் விழும். அந்த இடத்தில் வேறொருவன் உட்காருவதா? நாற்பது ஆட்களை வைத்தார். பசும்பாலைப் பாத்தி கட்டிப் பாய்ச்சினார். என்ன செய்து என்ன? அவருடைய புடலங்காய்கள் முறுக்குப் பிழிந்த மாதிரி சுருண்டு தொங்கின.

படல் வேலிக்கு அந்தப் பக்கம் அரசவை விகடன் குப்பாண்டியின் வீடு. அவனும் மனைவி செங்கமலமும் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினார்கள், அவ்வளவுதான். புடலங்காய் ஒவ்வொன்றும் ஏழு முழம்! தரை இடிக்குமே என்று கீழே குழி வெட்டி வைத்திருந்தார்கள்.

வேலியில் பாக்களவு ஓர் ஓட்டை இருந்தது. விடிந்ததும் தாண்டவராயர் அதில் கண்ணை வைப்பார். ஆவணி முடிவதற்குள் அது எலுமிச்சை அளவாகிவிட்டது.

“ஏங்க, பல் விளக்கப் போனவரு வேலியில என்ன பண்றீங்க?” என்று கேட்டாள் அவர் மனைவி.

“ஓணான் பார்க்கிறேன். உள்ளே போடி!”

ஓணானைப் பார்த்தவருக்கு ஒரு நாள் வேறொன்றும் கண்ணில் பட்டது. பந்தல் காலில் செங்கமலம் ஒரு திருஷ்டிப் பானை கட்டியிருந்தாள். எல்லார் தோட்டத்திலும் இருக்கிற பானைதான். கரி பூசி, சுண்ணாம்பில் புள்ளி வைத்து, முட்டைக் கண்ணும் முறுக்கு மீசையும் எழுதிய பானை. தாண்டவராயருக்கு அந்த மீசையைப் பார்த்ததும் பாயசம் குடித்தது போல இருந்தது. நேரே சபைக்கு ஓடினார்.

“மகாராஜா! இந்த நாட்டில் தினமும் யானைமேல் அந்தத் தோட்டத்தைக் கடந்து போகிறவர் தாங்கள் ஒருவரே. யாருடைய கண்ணுக்குப் பயந்து குப்பாண்டி பானை கட்டியிருக்கிறான்? அதற்கு மீசை வேறு. அச்சு அசல் தங்கள் மீசை!”

ராஜா தம் மீசையைத் தடவிப் பார்த்தார். முகம் மிளகாய்ப் பழமாயிற்று. குப்பாண்டியை இழுத்து வந்தார்கள்.

“குப்பாண்டி, என் கண் கொள்ளிக் கண்ணா?”

“சிவ சிவா! தங்கள் பார்வை பட்டால் பட்ட மரம் துளிர்க்கும், பிரபு. பானை வேறொரு கண்ணுக்காகக் கட்டியது.”

“யாருடைய கண்? ஏழு நாள் தருகிறேன். அந்தக் கண்ணை எனக்குக் காட்டு. தவறினால் உன் தோட்டம் தாண்டவராயருக்கு. நீ எல்லைக்கு அப்பால்!”

தாண்டவராயருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கண்ணேறு விழுந்த காயைக் காட்டலாம். கண்ணேற்றைக் காட்ட முடியுமா? பார்வைக்கு என்ன கால் தடமா இருக்கிறது? அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருந்தாலே போதும், ஏழு நாளில் எல்லாம் நமக்கு என்று கணக்குப் போட்டார்.

ஆனால் கண் கேட்க வேண்டுமே! மறுநாள் விடியலில் அது தானாகப் போய் ஓட்டையில் உட்கார்ந்தது. அங்கே செங்கமலம் புடலைப் பிஞ்சின் நுனியில் சின்னக் கல்லைக் கட்டிக்கொண்டிருந்தாள். அதுதான் நேராக வளர்கிறதா! தாண்டவராயர் விடுவாரா? சின்னக் கல்லுக்கே ஏழு முழம் என்றால் பெரிய கல்லுக்கு? பட்டுக் கயிற்றில் அம்மிக் குழவியைக் கட்டினார். காய், கொடி, பந்தல், பந்தல் மேல் உட்கார்ந்திருந்த குரங்கு எல்லாம் ஒன்றாகத் தரைக்கு வந்தன. அந்தச் சத்தத்தில் பக்கத்து ஊரில் இடி என்று நினைத்து, காயப்போட்ட துணியை எடுத்தார்களாம்.

அடுத்த விடியலில் வேலிக்கு அப்பால் பேச்சுக் கேட்டது.

“செங்கமலம், கல்லு மட்டும் போதாதடி. சுரைக்காய்க்குச் செருப்புக் கட்டணும். அப்பத்தான் அது தானா நடந்துபோய் ராஜா இலையில விழும்.”

“ஐயையோ, மெதுவாப் பேசுங்க! ரகசியம் வெளியில போயிடப் போகுது!” என்றாள் செங்கமலம், நாலு தெருவுக்குக் கேட்கும்படி.

அன்று மாலைக்குள் தாண்டவராயர் வீட்டுச் சுரைக்காய்கள் அத்தனையும் வெள்ளிப் பாதக்குறடு போட்டுக்கொண்டு தொங்கின. மறுநாள் குப்பாண்டி கத்தரிக்காய்க்கு விசிறினான். இவர் மயில் தோகை விசிறியோடு இருபது பேரை நிறுத்தினார். அதற்கடுத்த நாள் அவன் பூசணிக்கு நெற்றியில் விபூதி பூசினான். இவர் சந்தனக் காப்பே சாத்திவிட்டார். செடிகள் மூச்சு முட்டி வாடின. வாட வாட இவருக்கு வெறி ஏறியது. அந்தப் பயலுக்கு மட்டும் பலிக்கிறதே, ஏதோ ஒன்றை நாம் சரியாகப் பார்க்கவில்லை என்று ஓட்டையைத் தேங்காய் அளவுக்குப் பெரிதாக்கினார்.

ஆறாம் நாள் குப்பாண்டி தலையில் முறம் கவிழ்த்து, ஒற்றைக் காலில் நின்று, கரண்டியை ஆட்டிக்கொண்டு வெண்டைச் செடிக்குத் தாலாட்டுப் பாடினான்.

“நாளை சூரியன் உதிக்கும்போது இன்னொரு தடவை பாடிட்டா, வலப்பக்க இலை நமக்குத்தாண்டி!” என்றான்.

ஏழாம் நாள். சூரியன் தலை காட்டும் நேரம். தாண்டவராயர் தலையில் வெள்ளி முறம், கையில் தங்கக் கரண்டி, ஒற்றைக் கால்.

“ஆராரோ, ஆரிரரோ, என் கண்ணே வெண்டைக்காயே, காம்பு வலிக்குதோ...”

இரண்டாம் அடி எடுக்கும்போது நிழல் விழுந்தது. நிமிர்ந்தார். மதிலுக்கு மேல் யானை. யானைமேல் ராஜா. பக்கத்தில் குப்பாண்டி.

“தாண்டவராயரே, இது என்ன?”

தாண்டவராயருக்குத் தூக்கிய காலை இறக்கவும் மறந்துபோயிற்று. சுரைக்காயின் பாதக்குறடைப் பார்த்தார் ராஜா. சந்தனக் காப்புப் பூசணியைப் பார்த்தார்.

“ஐயோ பாவம், பித்துப் பிடித்துவிட்டதே! யாரங்கே, வைத்தியரைக் கூப்பிடுங்கள். இனி இவரை எப்படி என் வலப்பக்கத்தில் உட்கார வைப்பேன்?”

பதினோரு வருஷ இலை! தாண்டவராயர் பதறிப்போனார்.

“மகாராஜா, எனக்குப் பித்து இல்லை! இதெல்லாம் இந்தக் குப்பாண்டியின் வித்தை! கல், செருப்பு, தாலாட்டு எல்லாம் அவன் செய்ததுதான்! தினமும் விடியலில் வேலி ஓட்டை வழியாக என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்!”

குப்பாண்டி யானைமேலிருந்தபடியே கைகூப்பினான்.

“மகாராஜா, கண்ணைக் காட்டச் சொன்னீர்கள். ஒன்றுக்கு இரண்டாகக் காட்டிவிட்டேன். சபைக்கே கொண்டுவந்திருப்பேன். கூட ஒட்டிக்கொண்டிருக்கிற உடம்பு கொஞ்சம் கனம்.”

ராஜா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்த சிரிப்பில் யானை குலுங்கி, மகுடம் உருண்டு வெண்டைப் பாத்தியில் விழுந்தது. தாண்டவராயர் பிடி மண் போட்டு மூடிவிடலாமா என்று பார்த்தார், மகுடத்தை அல்ல, தம்மை.

பௌர்ணமி விருந்தில் செங்கமலத்தின் புடலங்காய்க் கூட்டு ராஜாவின் இலையில் விழுந்தது. வலப்பக்கத்தில் குப்பாண்டியும் செங்கமலமும் உட்கார்ந்தார்கள். தாண்டவராயருக்குத் தூணுக்குப் பின்னால் இலை. நெய் அங்கே வருவதற்குள் ரசம் வந்துவிட்டது.

“குப்பாண்டி, என் அரண்மனை யானைகள் நூறு. ஆயுசு உள்ளவரை அவற்றின் சாணம் முழுவதும் உன் தோட்டத்துக்கு!” என்றார் ராஜா.

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. கண் இரண்டும் கலங்கியிருந்தன.

“நூறு யானையின் சாணமும் அவனுக்கேவா, பிரபு? எனக்கு ஒரே ஒரு கூடையாவது...”

ராஜாவுக்குச் சிரிப்பில் சாம்பார் புரையேறிவிட்டது. தலையில் தட்டிவிட்டவன் குப்பாண்டி. அதற்கு வேறு தனியாக ஒரு முத்துமாலை கொடுத்தார்.