எருமைக் குளத்துக்கு வந்த குரங்குச் சாமி

ஆற்றுக்கு அக்கரையில் அனலன் என்றொரு குரங்கு இருந்தது. சூரியனே தெய்வம், அதைக் கும்பிடாத பறவைக்குக் காட்டில் இடமில்லை என்று ஒருநாள் காலையில் முழங்கியது. குரங்குகளைப் பற்றித்தான் தெரியுமே! ஒன்று செய்தால் ஒன்பதும் செய்யும். உச்சிவேளைக்குள் அக்கரையில் ஒரு கூடு மிச்சமில்லை.

அந்த மிதப்போடு அனலன் இக்கரைக்கு, எருமைகளின் குளத்துக்கு வந்தது. கரையிலிருந்த கருவேல மரத்தில் வெள்ளச்சி என்ற கொக்கு மூன்று முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. எருமைகளின் மேல் உட்கார்ந்து, ரத்தம் குடிக்கும் உண்ணிகளைப் பொறுக்கித் தின்பது அதன் பிழைப்பு. அக்கரைச் சேதி கேட்டதிலிருந்து அது கூட்டைவிட்டு அதிக தூரம் போகவில்லை.

எருமைகள் அனலனின் பேச்சைக் கேட்டன. நம்பவும் நம்பின. சாமி சொல்வது சரிதான் என்று தலையாட்டியது மூத்த எருமை காரி. ஆனால் எருமைக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. விழுங்கியது எதுவானாலும் படுத்து அசைபோட்டே தீரும். புல்லானாலும் சரி, போதனையானாலும் சரி. இப்போதே எழுந்து மரத்தை முட்டுங்கள் என்று அனலன் தொண்டை கிழியக் கத்தியது. எருமைமாட்டின் மேல் மழை பெய்த கதைதான்.

இரண்டு நாள் அசைபோட்ட பிறகு காரி நிதானமாக வாய் திறந்தது.

“கொக்கை விரட்டிவிடலாம் சாமி. எங்கள் காதிலிருக்கும் உண்ணியை யார் எடுப்பது?”

“நான் எடுக்கிறேன்” என்றது அனலன். பேன் பார்க்காத குரங்கு உண்டா? இதென்ன பிரமாதம் என்று நினைத்துவிட்டது, பாவம்.

நாற்பது எருமை, எண்பது காது. எல்லாக் காதும் முடிந்த பிறகுதான் மரத்தை முட்டுவோம் என்றன எருமைகள். ஒரு காதை முடித்ததும் அடுத்த காது வந்து நின்றது. மறுநாள் மாலைக்குள் அனலனின் விரல்கள் வீங்கிவிட்டன. பிரசங்கம் செய்ய மூச்சில்லை. எருமைகளோ, இவரல்லவா உண்மையான சாமி என்று மெச்சிக்கொண்டன.

அனலன் தள்ளாடிக்கொண்டு கருவேல மரத்தடிக்கு வந்தது. அதைப் பார்த்ததும் வெள்ளச்சி சிறகால் முட்டைகளை மூடிக்கொண்டது. உயிரே போனாலும் நகர்வதில்லை என்று உட்கார்ந்திருந்தது.

அனலன் எருமைகளின் பக்கம் திரும்பி, “வெள்ளை சூரியனுக்கு உகந்த நிறம். இந்தக் கொக்குதான் நம் மதத்தின் முதல் அடியார்” என்று அறிவித்தது. பிறகு மரத்தை நிமிர்ந்து பார்த்துக் குரலைத் தாழ்த்தியது.

“தாயே, இடப்பக்கக் காதுகளையாவது நீ பார்த்துக்கொள்.”

மதம் எங்கே பிறந்தாலும், போய்ச் சேர்ந்த இடத்து வழக்கம் அதை வளைத்துவிடும். அதன் தலைவனையும் சேர்த்தே வளைத்துவிடும்.