வடிவு ஊற்றிய தண்ணீர்

“சாமி, திருநீறு பூசுகிறவள் கொடுத்தால் அது ஞானஸ்நானம் ஆகுமா?”

கேட்டவர் உபதேசியார் சூசைமாணிக்கம். பங்குச் சாமியார் தெயோபில் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தக் கோவிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர்.

“யாருக்குக் கொடுத்தாள்?”

“சலேத்மேரியின் பிள்ளைக்கு. பெரிய ஆஸ்பத்திரியில். பிறந்ததும் மூச்சு வரவில்லையாம். நர்ஸ் வடிவு தண்ணீர் ஊற்றிவிட்டாளாம்.”

“பிள்ளை?”

“கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறான். யாரையும் உள்ளே விடவில்லை.”

“தாயிடம் என்ன சொன்னீர்கள்?”

“செல்லாது என்றேன். அதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எப்போது உயிர் போகுமோ, என் பிள்ளை ஞானஸ்நானம் இல்லாமல் போய்விடுமே என்று அழுகிறாள்.”

சாமியார் சைக்கிளை எடுத்தார். உபதேசியார் பின்னால் ஏறிக்கொண்டார்.

வடிவு வார்டு வாசலில் நின்றாள். நெற்றியில் திருநீறு இருந்தது.

“என்னம்மா செஞ்சீங்க?”

“தலையில தண்ணி ஊத்தினேன், ஃபாதர். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேரால ஞானஸ்நானம் கொடுக்கிறேன்னு சொன்னேன். பேரு தெரியல. தம்பின்னு சொல்லித்தான் ஊத்தினேன்.”

“எதுக்காக?”

“மயக்க மருந்து குடுக்க முந்தி அந்தம்மா என் கையை விடல. பிள்ளைக்கு ஏதாச்சும்னா எங்க கோவில்ல செய்யிறதைச் செஞ்சிருங்கன்னு சொல்லிக்குடுத்தாங்க. அதைச் செஞ்சேன். தப்பா, ஃபாதர்?”

சாமியார் உபதேசியாரிடம் திரும்பினார்.

“சாகும் ஆபத்தில் ஞானஸ்நானம் கொடுக்கக்கூடியவர் யார்?”

சூசைமாணிக்கம் பழக்கத்தில் கைகட்டி நிமிர்ந்தார். “யாரும் கொடுக்கலாம். திருச்சபை செய்வதைச் செய்யும் கருத்தோடு...”

வடிவின் நெற்றியைப் பார்த்தார்.

“உள்ளே போய்ச் சொல்லுங்கள்.”

“நானா, சாமி? நீங்கள் சொன்னால்...”

“செல்லாது என்று சொன்னது நான் இல்லையே.”

சலேத்மேரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“சலேத்து, அது செல்லும்.”

அவள் திரும்பினாள். “நெசமாவா, உபதேசியாரே?”

“நெசமாத்தான். இனி யாரும் ஊற்ற வேண்டியதில்லை.”

வடிவு பின்னால் வந்து, “தம்பிக்கு மூச்சு சீராயிட்டு வருது. நீ முதல்ல இதைக் குடி” என்று கஞ்சியை நீட்டினாள்.

சலேத்மேரி எழுந்து உட்கார்ந்து குடித்தாள். சூசைமாணிக்கம் கட்டிலருகே நின்றுகொண்டே இருந்தார்.

“அந்த நேரத்துல நர்சுகிட்ட இதையெல்லாம் சொல்லணும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சது? யார் சொல்லித் தந்தது?”

அவள் தம்ளரை இறக்கி அவரை விநோதமாகப் பார்த்தாள்.

“நீங்கதான். சின்ன வயசுல, புதுநன்மை வாங்குறதுக்கு முந்தி நடந்த வகுப்புல. ‘குருவானவர் மட்டும்’னு பதில் சொன்னதுக்கு என்னை முட்டி போட வச்சீங்களே.”