பூட்டு இல்லாத துப்பாக்கி

மலையடிவாரத்து மடத்துக்கு வருகிறவர்கள் பழம் வாங்கி வருவார்கள். செங்கோடன் துப்பாக்கி கொண்டு வந்தார்.

அவர் துப்பாக்கி வடிவமைக்கும் பொறியாளர். தலை நரைத்தவர். மடத்தின் குரு வள்ளியம்மை அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் மனசு சரியில்லாதபோதெல்லாம் செங்கோடன் அந்த அம்மாளைத் தேடித்தான் வருவார்.

"பயப்படாதீங்கம்மா. இது வெறும் மாதிரி. தோட்டாவே போட முடியாது."

"எதுக்குக் கொண்டுவந்தீங்க?"

"போலீஸுக்குப் புதுசா இதைத்தான் எடுக்கப் போறாங்க. ஒரு தடவை சுட்டா அடுத்த தோட்டா தானா ஏறிக்கும். சேத்துல முக்கினோம், மணல்ல புதைச்சோம். ஒரு தடவைகூட சிக்கல. இனி என் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"போட வேண்டியதுதானே?"

செங்கோடன் துப்பாக்கியைப் புரட்டி அதன் பக்கவாட்டைக் காட்டினார்.

"பழைய துப்பாக்கியில ஒரு பூட்டு இருக்குங்க. கட்டைவிரலால அதைத் தள்ளினாத்தான் சுடும். இதுல அதை எடுத்துட்டேன். ட்ரிக்கரை இழுத்தாப் போதும். உங்களுக்குத்தான் தெரியுமே, என் பையன்..."

வள்ளியம்மைக்குத் தெரியும். அவருடைய மகன் சப் இன்ஸ்பெக்டராக இருந்தான். ஒரு மோதலில் கையில் துப்பாக்கியோடு செத்துக் கிடந்தான். பூட்டை அவன் தள்ளியிருக்கவில்லை. அந்தப் பூட்டின் மேல் வந்த ஆத்திரத்தில்தான் செங்கோடன் இதைச் செய்தார்.

"நான் செஞ்சது சரிதானேம்மா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், போய்க் கையெழுத்துப் போட்டுடுவேன்."

வள்ளியம்மை எழுந்தார். துப்பாக்கியை எடுத்துப் போய், தியான மண்டபத்தில் தன் இருக்கைக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். குழல் பின்சுவரைப் பார்த்திருந்தது.

அந்த மண்டபத்தில் யாருக்கும் தனி இடம் கிடையாது. வந்தவர் வந்த இடத்தில் உட்காருவார். சின்ன மண்டபம், முட்டியோடு முட்டி இடிக்கும். மறுநாள் காலை செங்கோடன் வாசலில் நின்று எல்லோரிடமும், "சும்மா மாதிரிதாங்க, சுடாது" என்றார். சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள்.

தியானம் முடிந்து செங்கோடன் கண்ணைத் திறந்தபோது, குழலிலிருந்து பின்சுவர் வரைக்கும் ஓர் ஆள் அகலத்துக்குத் தரை காலியாகக் கிடந்தது. இடமில்லாமல் சிலர் வெளியே வெறும் மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பேசிவைத்துக்கொண்டு செய்த மாதிரி தெரியவில்லை.

அவருக்கு எரிச்சலாக வந்தது. படித்துப் படித்துச் சொன்னேனே என்று முணுமுணுத்தபடி துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்க் காரில் போட்டார்.

அடுத்த நாள் காலையிலும் அந்த இடம் காலியாகவே இருந்தது.

துப்பாக்கியைப் பற்றி எதுவுமே தெரியாமல் அன்றைக்குத்தான் பஸ்ஸில் வந்து இறங்கிய குடும்பம்கூட அதைச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தது. பின்சுவரோரம் எப்போதும் சுருண்டு படுத்திருக்கும் நாயைக் காணவில்லை. தரையில் அந்த ஒரு பட்டையில் மட்டும் தூசி படிந்திருந்தது.

செங்கோடன் மண்டபம் பெருக்கும் பெண்ணைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இங்க மட்டும் ஏன் விட்டுட்டே?"

அவள் தரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் பெருக்கினேனே சாமி."

செங்கோடன் குனிந்து விரலால் தூசியைத் தொட்டுப் பார்த்தார். வள்ளியம்மையிடம் போனார்.

"என்னம்மா இது?"

"நீங்க போய் அங்க உட்காருங்க."

"அங்க ஒண்ணும் இல்லையேம்மா."

"அப்புறம் என்ன, உட்காருங்க."

உட்கார்ந்தார். எதிரே, துப்பாக்கி இருந்த இடத்தில், வெறும் தரைதான். துப்பாக்கி வெளியே காரில் கிடக்கிறது. அதில் தோட்டா போட வழியே இல்லை. அதன் ஒவ்வொரு திருகையும் வரைந்தவர் அவர். இவ்வளவும் தெரிந்தும் நெஞ்சு அடித்துக்கொண்டது. சுற்றிலும் எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். அவரால் மூட முடியவில்லை. அந்த வெறும் தரையிலிருந்து பார்வையை எடுக்கப் பயமாக இருந்தது.

என்ன கேட்கிறோம் என்று தெரிவதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அம்மா... அதுல பூட்டுப் போட்டிருக்கா?"

வள்ளியம்மை கண்ணைத் திறக்கவில்லை.

"செஞ்சவர் நீங்க. நீங்கதான் சொல்லணும்."