பெட்டியின் பக்கவாட்டில் ஒரு வரி

இந்தக் குருவுக்குத் தாடி கிடையாது, காவி கிடையாது. கோயம்புத்தூரில் ஒரு டிசைன் கல்லூரியின் மூன்றாவது மாடியில், ஓடாத ஏசிக்குக் கீழே ஒரு மேசை. அதுதான் ஆசிரமம். பெயர் கோமளவல்லி. பெட்டி, டப்பா, பொட்டலம் வடிவமைக்கிற பாடம் எடுப்பவர்.

சீடன் மகிழ்நன். மூன்றாம் வருடம், கோபிச்செட்டிபாளையத்துக்காரன். குருவின் காலில் விழுகிற ரகம் இல்லை. குருவின் தலை மறைந்ததும் அவர் குரலிலேயே, "யாருக்காகப்பா இந்தப் பொட்டி? உனக்காகவா, வாங்குறவனுக்காகவா?" என்று கேட்டு வகுப்பை உருளவைக்கிற ரகம்.

அந்த வருடம் வகுப்புக்குக் கிடைத்த வேலை, ஒரு காபித்தூள் கம்பெனியின் தீபாவளிப் பெட்டியைப் புதிதாகச் செய்வது. பழைய பெட்டி இருமல் மருந்து டப்பா போல இருந்தது. ஜோடி ஜோடியாகச் செய்ததில் பதினெட்டுப் பெட்டி சேர்ந்தது. எட்டில் குத்துவிளக்கு, ஐந்தில் மயில். மகிழ்நன் கொண்டுவந்து வைத்த பெட்டியில் மட்டும் ஒரு டவரா டம்ளர்; அதிலிருந்து நுரை புஸ்வாணமாகச் சீறிக்கொண்டு மேலே போனது.

கம்பெனிக்காரர் அதைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை.

"இதாம்ப்பா. இதாம்ப்பா தீபாவளி. மத்ததெல்லாம் காலண்டர்."

பெட்டி அச்சுக்குப் போகும் என்று மெயில் வந்தது. பக்கவாட்டில் 'வடிவமைப்பு' என்று போட்டு மாணவர் பெயர் வரும். இடம் ஒரு வரிக்குத்தான், ஆகவே ஒரே பெயர் கொடுங்கள். அந்தப் பெயருக்கு ஜனவரியில் வேலை. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் ஃபைல் வந்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு மகிழ்நன் லேப்டாப்போடு வந்தான். கதவைச் சாத்தினான்.

"மேடம், சும்மா ஒரு டவுட்டுங்க."

"சும்மா வர்ற டவுட்டுக்குக் கதவை எதுக்குச் சாத்துற?"

"ஏசி காத்து வெளிய போயிடுமுங்க." ஏசி ஓடவில்லை என்பது அவனுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. "ரெண்டு பேர் சேந்து ஒரு வேலை ஆரம்பிக்கறாங்கன்னு வைங்க. ஒருத்தர் பாதில போயிடறாங்க. மீதிய இன்னொருத்தர் கெடந்து முடிக்கறாரு. அப்ப அது யாரு வேலைங்க?"

"பெனாசிருக்கு மஞ்சக்காமாலை இப்ப எப்படி இருக்கு?"

மகிழ்நன் சாத்திய கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

பெனாசிர் அவனுடைய ஜோடி. ஒன்றரை மாதமாகக் காயல்பட்டினத்தில் படுத்துக் கிடக்கிறாள். இந்த செமஸ்டர் போச்சு. டம்ளரும் நுரையும் அவள் படுக்கையில் சாய்ந்து வரைந்தவை. போனில் அனுப்பிவிட்டு, "எலேய், படம் சரியா வந்துட்டுன்னு நெனைக்கேன். பொட்டிய நீ பாத்துக்க," என்று குரலும் அனுப்பியிருந்தாள். பெட்டியை வெட்டி, மடித்து, ஒட்டி, எழுத்துகளை அடுக்கியவன் மகிழ்நன். பதினோரு தடவை. அது உண்மை. பெட்டி தேர்வானதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அதுவும் உண்மை.

"தேறிட்டாளுங்க. மீன் ஆகாதுன்னுட்டாங்களாம். அதுல பாதி உசுரு போச்சுங்கறா."

கோமளவல்லி சிரிக்கவில்லை. கெட்டிலில் வெந்நீர் வைத்தார். இழுப்பறையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து, வடிகட்டியில் தூளைக் கொட்டி, கொதிக்கக் கொதிக்க ஊற்றினார். பால் இல்லை, சர்க்கரை இல்லை. கன்னங்கரேலென்று இறங்கியது.

"குடி."

ஒரு மடக்குதான். மூக்கு, வாய், புருவம் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்தன.

"மேடம், இது காபி இல்லீங்களே."

"நெறம் இருக்கே."

"இருக்குதுங்க."

"கெட்டியா இறங்குச்சே."

"இறங்குச்சுங்க. ஆனா மணமே இல்லீங்களே. வெறும் கசப்பு."

"வெறும் சிக்கரி. காபியோட சேந்தா அதுக்கும் ஒரு மரியாதை உண்டு."

அடுத்தவரைக் கிண்டல் பண்ணிப் பிழைப்பவனுக்குத் தன்மேல் விழுகிற கிண்டல் சட்டென்று புரிந்துவிடும். டம்ளரைத் தள்ளி வைத்தான்.

"அப்ப நான் சிக்கரிங்களா?"

"பொட்டியில கலவை அளவு எங்க போட்டிருக்க?"

காபி எத்தனை பங்கு, சிக்கரி எத்தனை பங்கு என்று கலவைத் தூளின் மேல் அச்சிட்டே ஆக வேண்டும். சட்டம்.

"அடியிலங்க. முன்னாடி போட்டா படத்தைக் கெடுக்குது."

"முன்னாடி கொண்டா. சிக்கரி கலக்கறத யாரும் தப்புங்கல. கலந்துட்டுச் சொல்லாம விட்டாத்தான் தப்பு."

அவன் லேப்டாப்பைத் திறந்து அந்த வரியை முன்பக்கம் நகர்த்தினான். மணி மூன்று நாற்பத்தைந்து.

"எனக்குப் புரியுதுங்க மேடம். ஆனா ஒரு பேர்தானுங்க கேக்கறாங்க. அவ பேரையும் சேத்து எழுதுனா என்ன ஆகும்னு நெனைக்கறீங்க?" குரல் கம்பெனிக்காரருடையதாக மாறியது. "'தம்பி, பொட்டி இருக்கட்டும்ப்பா. அந்தப் படம் போட்ட பொண்ண வரச் சொல்லு.'"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்குக் கேட்டது. காது சிவந்தது. கோபம் வந்தது, யார்மேல் என்று பார்க்காமல் எதிரில் இருந்தவர்மேல் இறக்கினான்.

"உங்க மிட்டாய் டப்பாவுல மட்டும் ரெண்டு பேரா இருக்குது?"

அந்தத் தகர டப்பாவைத் தெரியாத வீடு இல்லை. மிட்டாய் தீர்ந்ததும் ஊசி நூல் வைக்கிறார்களே, அதுதான். மூடியில் இரண்டு கிளிகள் ஊஞ்சலாடும். கோமளவல்லிக்கு இந்த நாற்காலி கிடைத்ததே அந்த டப்பாவால்தான் என்று கல்லூரியில் பேச்சு.

"கிளிய வரைஞ்சது திலகா," என்றார் கோமளவல்லி. "என்கூடப் படிச்சவ. பிரசவத்துக்குப் போயிருந்தா. மூடி, வளைவு, கலரு எல்லாம் நான். எங்களுக்கும் ஒரு வரிதான் குடுத்தாங்க."

"அப்புறம்?"

"என் பேரைப் போட்டேன்."

"அவங்க கேஸ் போட்டாங்களா?"

"இல்ல."

"சண்டைக்கு வந்தாங்களா?"

"இல்ல. கடையில பாத்தாளாம். போன் பண்ணி, டப்பா நல்லா வந்திருக்குடின்னு சொன்னா."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

"வேற ஒண்ணும் ஆகலீங்களா?"

"ஒண்ணும் ஆகல."

மகிழ்நன் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். பக்கவாட்டு வரியில் புதிதாக அடிக்க எதுவும் இல்லை. காலையிலேயே தன் பெயரை அடித்துவைத்திருந்தான். ஒரு தடவை குருவைப் பார்த்தான். அவர் வடிகட்டியைத் தட்டிக் கழுவிக்கொண்டிருந்தார். அனுப்பினான்.

நாலு மணிக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. உடம்பு லேசானது மாதிரி இருந்தது அவனுக்கு.

"பயமுறுத்திட்டீங்க மேடம். அப்ப ஒண்ணும் ஆகாதுங்கல்ல?"

கோமளவல்லி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்த டப்பா வந்து பத்தொம்போது வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் நான் செஞ்சதுன்னு ஏதாவது ஒண்ணு, எங்கயாவது, நீ பாத்திருக்கியா?"

மகிழ்நன் யோசித்தான். யோசித்துக்கொண்டே இருந்தான்.