செயலியில் கும்பிட்டவர்

வஞ்சிக்கப்பட்டவர்கள் சந்தையில் கடை போடும் பெண்கள். வார்டு நிதியில் என்ன செய்யலாம் என்று நகராட்சி ஒரு செயலி வழியாக மக்களையே கேட்டது. பெண்கள் போனில் வாக்களித்துக் கழிப்பறை கேட்டார்கள். அதுவே ஜெயித்தது. வேலை தொடங்குவதற்குள் தேர்தல் வந்தது. புதிய சேர்மன் செயலியை மூடினார். கழிப்பறைக்கு ஒதுக்கிய இடத்தில் இப்போது வரவேற்பு வளைவு எழும்புகிறது. யாரை வரவேற்க? அவரைத்தான்.

செயலியை உருவாக்கிய கதிரேசன், தனக்குப் பாடம் சொன்ன செண்பகத்திடம் கொதிப்போடு வந்தான்.

“முந்தின சேர்மன் திட்டமாம், அதனால மூடிட்டாங்களாம். செயலியில ஒரு கோளாறும் இல்ல டீச்சர். அப்புறம் ஏன் செத்துச்சு?”

“திற, பார்க்கலாம்.”

திறந்தான். முதல் திரையில் பழைய சேர்மன் கைகூப்பிச் சிரித்தார்.

“இவர் எதுக்கு இங்கே?”

“படம் போட்டாத்தான் அனுமதின்னார். போட்டேன்.”

“இப்போ?”

“புதுசா வந்தவர் படத்தை வச்சா மறுபடி திறந்துடுவாங்க. மாத்தட்டுமா?”

செண்பகம் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு அவனைச் சந்தைக்கு அழைத்துப் போனார். மோர் வாங்கி அவனுக்கு ஒரு தம்ளர் கொடுத்தார். இன்னொன்றைக் கீரை விற்கும் சவரியம்மாளிடம் நீட்டினார்.

“வேணாம் டீச்சர்.”

“வெயில் கொளுத்துதே.”

“குடிச்சா எங்க போறது? சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் எல்லாம்.”

கதிரேசன் தன் தம்ளரைக் கீழே வைத்தான்.

“புது சேர்மன் படத்தைப் போட்டுச் செயலியைத் திறக்கலாமான்னு இவன் கேக்குறான்,” என்றார் செண்பகம்.

“நாங்க ஓட்டுப் போட்டது கக்கூசுக்குத் தம்பி. யார் மூஞ்சிக்கும் இல்ல.”

செண்பகம் சந்தை வாசலில் எழும்பும் வளைவைப் பார்த்தார். சுற்றிலும் சாரக் கம்புகள் நின்றன.

“பழைய சேலை இருக்கா?”

சவரியம்மாள் கீரையை மூடியிருந்த சேலையை உருவினாள். பக்கத்துக் கடைகளிலிருந்தும் சேலைகள் வந்தன. கம்புகளைச் சுற்றி நாலு பக்கமும் கட்டினார்கள். சவரியம்மாள் முதல் ஆளாக உள்ளே போனாள். வெளியே வந்து, கை கழுவி, மோரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை நீண்டது.

சேர்மன் காரில் வந்து இறங்கினார்.

“யாரைக் கேட்டு இதைக் கட்டினீங்க?”

“எல்லாரையும் கேட்டோம். பதில் இவன் போன்ல இருக்கு,” என்றார் செண்பகம்.

வரிசை அசையவில்லை. பேருந்துக்கு நின்றவர்கள் வளைவைப் படம் எடுக்கத் தொடங்கினார்கள். சேர்மன் குரல் இறங்கியது.

“சரிம்மா. சேலையை அவிழ்க்கச் சொல்லுங்க. செயலியைத் திறந்துடலாம். தம்பி, நம்ம படத்தை மட்டும் மறக்காம போட்டுடு.”

கதிரேசன் டீச்சரைப் பார்த்தான்.

“முதல்ல கக்கூஸைக் கட்டச் சொல்லு கதிரேசா. படத்தை அதோட கதவுல ஒட்டிக்கலாம்.”