சாட்சிக்கு வந்த அயிரை

சாயப்பட்டறைக் கழிவு கலந்து ஓடையில் அயிரை மீனே அற்றுப்போனது. மீன் பிடித்துப் பிழைத்த ஒச்சம்மா தாசில்தாரைக் கூட்டிவந்தாள்.

"ஜிலேபி மீன் துள்ளுதே! ஓடைக்கு என்ன கேடு?" என்றார் பட்டறை முதலாளி.

"அது சாக்கடையிலயும் துள்ளும். நல்ல தண்ணியில மட்டும் வாழுற அயிரை எங்க மொதலாளி?"

"இந்த ஓடையில அயிரை எப்பவாச்சும் இருந்துச்சுன்னா கொண்டா, பார்ப்போம்!"

ஒச்சம்மா வீட்டுக்குப் போய் ஒரு குடத்தோடு வந்தாள். ஓடை தெளிந்தால் விடலாமென்று தொட்டியில் காப்பாற்றி வைத்திருந்த கடைசி அயிரைகள் அதில் நெளிந்தன.

"அயிரைதான் இருக்கே! அப்புறம் என்ன புகார்?" என்று முதலாளி சிரித்தார்.

"ஓடை நல்லாருக்குன்னா உங்க கையாலயே விடுங்க."

அவர் கை நீளவில்லை. அவளே கவிழ்த்தாள். தாசில்தார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தனையும் மல்லாந்தன.

பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. ஓடையும் தெளிந்தது. விடுவதற்குத்தான் அயிரை இல்லை. கடைசி அயிரைகளைக் கொடுத்து ஓடையைத் தெளிய வைத்தவள் ஒச்சம்மா.